முதலில் கழுத்தளவு

நாலடிப் பலகையில் ஒரு ரயில் யார்டு அமைக்க எந்தத் தண்டவாள அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம்?

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் முப்பத்தோரு வருஷமாக நான் தையல் வேலை செய்கிறேன். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் துணியைக் கொடுத்ததும் கிளம்பிவிடுவதில்லை. மெஷினுக்குப் பின்னால் சுவரோரம் இருக்கும் பலகையைப் பார்த்து நின்றுவிடுகிறார்கள். நாலடி நீளம், ஓரடி அகலம். அதன் மேல் மூன்று தண்டவாளங்கள், ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு வண்டியைத் திருப்பும் இரண்டு பாயிண்ட்கள், ஒரு சின்ன டீசல் என்ஜின், எட்டு கூட்ஸ் வண்டிகள்.

"யாருக்கும்மா இது, பேரனுக்கா?"

"எனக்குத்தான். பேரனும் விளையாடுவான்."

அடுத்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "இவ்வளவுதானா லைன்? ரயில் சுத்தி வராதா?"

சுற்றி வராது. முன்னே போகும், பின்னே வரும், வண்டியைக் கழற்றும், மாட்டும். அதற்குப் பெயர் ஷண்டிங். இடம் குறைந்த வீட்டில் மாதிரி ரயில் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். எந்தத் தண்டவாள அமைப்பைப் போடுவது என்று முடிவு செய்ய எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதத்தில் கற்றதை இங்கே சொல்கிறேன்.

அப்பாவின் யார்டு

என் அப்பா பங்காரப்பேட்டை ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட் வரை 1864-இல் மெட்ராஸ் ரயில்வே போட்ட பாதையில் இருக்கிறது அந்த ஊர். மைசூர் கமிஷனராக இருந்த லெவின் பௌரிங்கின் பெயரால் அப்போது அதற்கு பௌரிங்பேட்டை என்று பெயர். 1894-இல் அங்கிருந்து கோலார் தங்கவயலுக்கு ஒரு கிளைப் பாதை போனது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், கடைசியில் மாரிக்குப்பம். எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு அந்தப் பாதையோரம் சொந்தபந்தம் உண்டு. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகும் மாரிக்குப்பம் ரயில் நிற்கவில்லை. பெங்களூருக்கு வேலைக்கு வரும் தங்கவயல் ஜனங்களை இன்றும் அது தினமும் கொண்டுவந்து சேர்க்கிறது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பங்காரப்பேட்டை யார்டில் நாலு சக்கர கூட்ஸ் வண்டிகள் வரிசையாக நிற்கும். ஒரே ரயிலில் அரிசி ஒரு வண்டி, சிமென்ட் ஒரு வண்டி, எண்ணெய் டேங்கர் ஒன்று, மரம் ஏற்றியது ஒன்று என்று கலந்து வரும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்துக்குப் போக வேண்டும். அதைப் பிரித்து அடுக்குவதுதான் அப்பாவின் வேலை. பச்சைக் கொடியை மேலும் கீழும் மெல்ல ஆட்டினால் என்ஜின் அவரை விட்டு விலகிப் போகும். உடம்புக்குக் குறுக்கே பக்கவாட்டில் ஆட்டினால் அவரை நோக்கி வரும். சிவப்பைக் காட்டினால் நின்றுவிடும். அத்தனை பெரிய இரும்பை ஒரு முழம் துணியால் அவர் ஆட்டி வைப்பதைப் பார்த்துக்கொண்டு நான் வேலியோரம் நிற்பேன்.

அப்பா அடிக்கடி சொல்வது இது: "பாப்பா, நமக்கு எந்த வண்டி வேணுமோ அது எப்பவும் கடைசியிலதான் மாட்டிக்கிட்டு இருக்கும்."

அப்படி மாட்டிக்கொண்ட வண்டியை வெளியே எடுப்பதுதான் என் பலகையில் நடக்கும் விளையாட்டும்.

ஏன் சுற்றுப் பாதை வேண்டாம்

எட்டு வருஷத்துக்கு முன் என் மருமகன் வெளிநாட்டிலிருந்து ஒரு ரயில் செட் வாங்கி வந்தார். ஹெச்.ஓ. அளவு. நிஜத்தில் 87 மீட்டர் இருப்பது அதில் ஒரு மீட்டராகச் சுருங்கும். பெட்டியோடு வட்டமாகச் சேர்க்கும் தண்டவாளமும் இருந்தது. அதன் வளைவு 438 மில்லிமீட்டர் ஆரம். அப்படியென்றால் வட்டத்தின் குறுக்களவு மட்டும் 88 செ.மீ. ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டால் மூன்றடிக்கு மேல் அகலம் வேண்டும். எங்கள் முன்னறை பத்துக்கு எட்டு. அதில் தையல் மெஷின், கட்டில், பீரோ. தரையில் விரித்து ஓட்டினோம். ரயில் அழகாகத்தான் சுற்றியது. பத்தாவது சுற்றில் பேரன் எழுந்து எதிரிலிருக்கும் கால்பந்து மைதானத்துக்குப் போய்விட்டான்.

குழந்தையைக் குறை சொல்ல முடியாது. சுற்றி வரும் ரயிலுக்கு எங்கும் போக வேண்டியதில்லை, அதனிடம் யாரும் எதுவும் கேட்பதுமில்லை. அப்பாவின் யார்டில் ஓர் என்ஜின் காலையிலிருந்து சாயங்காலம் வரை அரை மைலுக்குள் வேலை செய்தது. அதற்கு அலுப்பே வந்ததில்லை. அப்போதுதான் யார்டு போடலாம் என்று தோன்றியது. வட்டத்துக்கு அகலம் வேண்டும். யார்டுக்கு நீளம் மட்டும் இருந்தால் போதும். சுவரோரம் ஒரு பலகைக்கு எந்த வீட்டிலும் இடம் கிடைக்கும்.

உலகம் அறிந்த இரண்டு அமைப்புகள்

சின்ன யார்டு என்று தேட ஆரம்பித்தால் இரண்டு பெயர்கள் முதலில் வந்து நிற்கும்.

ஒன்று டைம்சேவர். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மாண்டரே ஊரில் வாழ்ந்த ஜான் ஆலன் வகுத்தது. தொழிலால் அவர் புகைப்படக்காரர். தன் வீட்டின் கீழ்த்தளம் முழுக்க மலையும் பாலமுமாக அவர் அமைத்த மாதிரி ரயில் அந்தக் காலத்தில் உலகப் புகழ் பெற்றது. டைம்சேவர் 1972-இல் மாதிரி ரயில் பத்திரிகை ஒன்றில் வெளியானது. அடுத்த ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களில் அந்தப் பெரிய அமைப்பும் தீயில் போனது. சின்ன விளையாட்டாகப் போட்ட டைம்சேவர் மட்டும் நிலைத்துவிட்டது.

அதில் ஐந்து பாயிண்ட்கள். நடுவில் ஒரு லூப், அதாவது இரு முனையிலும் பிரதான லைனோடு சேரும் பக்க லைன். சைடிங்குகளின், அதாவது ஒரு முனை அடைபட்ட கிளை லைன்களின், வாய் எதிரெதிர்த் திசையில் திறந்திருக்கும். இதில்தான் சூட்சுமம். என்ஜின் வண்டிகளை இழுத்துப் போகும்போது, போகும் திசையைப் பார்த்து வாய் திறந்த சைடிங் என்றால் தாண்டிப் போய்ப் பின்னால் தள்ளினால் வண்டி உள்ளே போய்விடும். வருகிற ரயிலைப் பார்த்து வாய் திறந்த சைடிங் என்றால் என்ஜினே முன்னால் நின்று வழியை மறிக்கும். வண்டிகளை அப்படியே விட்டுவிட்டு, லூப் வழியாகச் சுற்றி மறுமுனைக்கு வந்து, அங்கிருந்து தள்ள வேண்டும். கடிகாரம் வைத்துக்கொண்டு யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று போட்டி போடுவார்கள்.

இரண்டாவது இங்கிலாந்தில் ஆலன் ரைட் அமைத்தது. இங்கில்நூக் சைடிங்ஸ் என்று பெயர். இங்கில்நூக் என்றால் கணப்பு அடுப்பின் ஓரத்து மூலை. வீட்டு மூலையில் அடங்குகிற யார்டுக்குப் பொருத்தமான பெயர்தான். இதில் இரண்டே பாயிண்ட்கள், மூன்று லைன்கள். லூப் கிடையாது. எல்லா லைன்களின் வாயும் ஒரே பக்கம் பார்க்கும். ஒரு லைன் ஐந்து வண்டி கொள்ளும். மற்ற இரண்டும் மூன்று மூன்று. இவை மூன்றும் சேர்ந்து வெளியே வரும் ஒற்றை லைனில் என்ஜினும் மூன்று வண்டியும் நிற்கலாம். மொத்தம் எட்டு வண்டிகள். அவற்றில் ஐந்தைக் குலுக்கல் முறையில் எடுத்து, குலுக்கலில் வந்த வரிசையிலேயே நீள லைனில் நிறுத்த வேண்டும். விதி இவ்வளவுதான்.

முதலில் எனக்கு டைம்சேவர் மேல்தான் ஆசை. ஐந்து பாயிண்ட் இருக்கும்போது இரண்டோடு நிற்பானேன் என்று நினைத்தேன். பிறகு டேப்பை எடுத்தேன்.

டேப் சொன்ன கணக்கு

துணியை வெட்டும் முன் அளவு எடுப்பது என் தொழில். ரயிலிலும் அதையே செய்தேன். என் பாயிண்ட் ஒன்றின் நீளம் 18.5 செ.மீ. என் நாலு சக்கர வண்டி கொக்கி முனையிலிருந்து கொக்கி முனைக்கு 9 செ.மீ. என்ஜின் 13 செ.மீ. பலகை நாலடி, அதாவது 122 செ.மீ.

இதோடு இன்னோர் அளவும் வேண்டும். இரண்டு லைன்கள் பாயிண்டில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் அடுத்த லைனில் வரும் வண்டி அதன் மூலையில் இடிக்கும். நிஜ யார்டில் எந்த இடம் வரை நிறுத்தலாம் என்று இரு லைன்களுக்கு நடுவே அடையாளம் வைத்திருப்பார்கள். ரயில்வேயில் அதற்கு ஃபவுலிங் மார்க் என்று பெயர். அதைத் தாண்டி வண்டி நின்றால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. என் பலகையில் பாயிண்டுக்குப் பிறகு 8 செ.மீ. வரை எதுவும் நிற்கக் கூடாது.

இப்போது டைம்சேவரைப் போட்டுப் பார்ப்போம். லூப்பின் இரு முனைப் பாயிண்ட்களுக்கு 37 செ.மீ. நடுவில் இரண்டு வண்டி நிற்க 18. இரு பக்கமும் ஃபவுலிங் இடம் 16. ஆக லூப் மட்டும் 71 செ.மீ. தின்றுவிட்டது. மீதி 51. அதில் இரு முனையிலும் என்ஜின் நிற்க இடம், இன்னும் மூன்று பாயிண்ட், அவற்றின் சைடிங்குகள். எப்படித் திருப்பினாலும் அடங்கவில்லை. ஆறடிக்கு மேல் இடம் இருக்கிறவர்களுக்குத்தான் அது. பிளவுஸ் துணியில் ஃபிராக் தைக்க முடியாது.

அடுத்து இங்கில்நூக். ஒற்றை லைனில் என்ஜின் 13, மூன்று வண்டி 27, மொத்தம் 40. தாராளத்துக்கு 3 சேர்த்து 43. முதல் பாயிண்ட் 18.5. ஃபவுலிங் இடம் 8. ஐந்து வண்டி 45. கூட்டினால் 114.5. இரு முனையிலும் முட்டுக்கட்டைக்கு 3 செ.மீ. விட்டால் 120.5. பலகைக்குள் அடங்குகிறது. மற்ற இரண்டு லைன்களுக்கு இரண்டாவது பாயிண்டையும் தாண்ட வேண்டும். 43, பாயிண்ட் இரண்டுக்கு 37, ஃபவுலிங் 8, மூன்று வண்டி 27. ஆக 115. முட்டுக்கட்டையோடு 121.

இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். 120.5, 121. மூன்று லைன்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் முடிகின்றன. இரண்டாவது பாயிண்ட் தின்னும் 18.5 செ.மீ. ஏறத்தாழ இரண்டு வண்டி நீளம். அதனால்தான் ஒரு லைனில் ஐந்து நிற்கும்போது மற்றவற்றில் மூன்று நிற்கின்றன. ஐந்து, மூன்று, மூன்று என்ற எண்கள் பலகையில் ஓர் அங்குலம் வீணாகாதபடி அமைந்திருக்கின்றன. நல்ல கட்டிங் என்றால் இதுதான்: துண்டுத் துணிகூட மிஞ்சாது.

நெக்கு

லைன்கள் எல்லாம் சேர்ந்து வெளியே வரும் அந்த ஒற்றை லைனுக்கு நம் ரயில்வேயில் ஷண்டிங் நெக் என்று பெயர். அப்பா சுருக்கமாக நெக்கு என்பார். பெயரைக் கேட்டதும் என் கைக்கு அது புரிந்துவிட்டது. பிளவுஸில் கழுத்தளவு தப்பினால் தோள் இறங்கும், முதுகு தூக்கும், மற்ற அளவெல்லாம் சரியாக இருந்தும் பிரயோஜனமில்லை. யார்டிலும் நெக்கு நீளம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரே தடவையில் எத்தனை வண்டியை வெளியே இழுக்கலாம் என்பது அதைப் பொறுத்தது.

ஓர் உதாரணத்தைப் பக்கத்திலிருந்து பாருங்கள். நீள லைனில் வாயிலிருந்து உள்நோக்கி அரிசி, சிமென்ட், மரம், எண்ணெய், கரி என்று ஐந்து வண்டிகள். நடு லைனில் மூன்று வண்டிகள் நிற்கின்றன, அவற்றைத் தொடப் போவதில்லை. ஓர லைன் காலி. இப்போது கடைசியில் மாட்டிக்கொண்ட கரி வண்டி எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும்.

"ஆயா, கரி உள்ள மாட்டிக்கிச்சு" என்று பேரன் சொன்ன நிலை இதுதான். அவன் முதலில் அரிசி, சிமென்ட், மரம் மூன்றையும் இழுத்து ஓர லைனில் தள்ளினான். அதோடு ஓர லைன் நிரம்பிவிட்டது. பிறகு எண்ணெயையும் கரியையும் இழுத்து நெக்கில் வைத்துக்கொண்டு நின்றான். வைக்க வேறு இடம் இல்லை. கிளம்பிய இடத்துக்கே தள்ள வேண்டியதாயிற்று.

வழி இது. மூன்றையும் இழுங்கள். ஓர லைனில் தள்ளி, மரத்தையும் சிமென்ட்டையும் மட்டும் விட்டுவிட்டு, அரிசியை என்ஜினோடு வைத்துக்கொள்ளுங்கள். அரிசியோடு நீள லைனுக்குப் போய் எண்ணெயையும் கரியையும் மாட்டி வெளியே இழுங்கள். இப்போது நெக்கில் என்ஜின், அரிசி, எண்ணெய், கரி. இன்னொரு வண்டிக்கு இடமில்லை. ஓர லைனில் தள்ளி, கரியை மட்டும் விடுங்கள். அங்கே வாயிலிருந்து கரி, சிமென்ட், மரம் என்று ஆயிற்று. கையிலிருக்கும் அரிசியையும் எண்ணெயையும் நீள லைனில் கொண்டுபோய் விடுங்கள். கடைசியாக ஓர லைனிலிருக்கும் மூன்றையும் மொத்தமாக இழுத்து நீள லைனில் சேருங்கள். கரி, சிமென்ட், மரம், அரிசி, எண்ணெய். கரி முன்னால் வந்துவிட்டது.

இதில் நெக்கு முழுக்க நிரம்பும் தருணங்களைக் கவனியுங்கள். நெக்கில் மூன்றுக்குப் பதில் இரண்டு வண்டிதான் நிற்கும் என்றால் இந்த வழி அடைபட்டுப் போகும், வேலை பல மடங்கு இழுக்கும். நாலு வண்டி நிற்கும் என்றால் யோசிக்க ஒன்றுமே இருக்காது. மூன்று என்பது கஷ்டமும் தீர்வும் சேர்ந்து நிற்கிற அளவு.

எட்டு வண்டியில் ஐந்தை எடுத்து வரிசை வைக்க 6,720 விதம் உண்டு. எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு என்று பெருக்கினால் வரும் எண். நாளுக்கு ஒன்று வீதம் போட்டாலும் பதினெட்டு வருஷம் ஆகும். நாங்கள் குலுக்கலுக்குப் பொத்தான் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் ஒரு நிறம், அதே நிறத்தில் ஒரு பொத்தான். எட்டையும் டப்பாவில் போட்டுக் குலுக்கி ஐந்தை வரிசையாக எடுத்து மேஜையில் வைப்பான் பேரன். அன்றைய வேலை அதுதான்.

நான் செய்த தப்பு

இத்தனை அளவு பார்த்தும் முதல் தடவை நான் தப்பாகத்தான் போட்டேன். வண்டியின் உடம்பை அளந்தேனே தவிர கொக்கியைச் சேர்த்து அளக்கவில்லை. உடம்பு எட்டரை. கொக்கியோடு ஒன்பது. வண்டிக்கு அரை செ.மீ., மூன்று வண்டிக்கு ஒன்றரை. தாராளத்துக்கும் இடம் விடவில்லை. தண்டவாளத்தைப் பசை வைத்து ஒட்டி, காயவிட்டு, ஆசையோடு மூன்று வண்டியை இழுத்தேன். என்ஜின் முட்டுக்கட்டையைத் தொட்டது. மூன்றாவது வண்டியின் பின்சக்கரம் பாயிண்ட் மேலேயே நின்றது. சக்கரம் மேலே இருக்கும்போது பாயிண்டைத் திருப்பினால் வண்டி தடம் புரளும்.

வெந்நீரை ஊற்றிப் பசையை இளக்கி எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்து மறுபடி ஒட்ட ஒரு வாரம் ஆயிற்று. அதனால் சொல்கிறேன்: ஒட்டும் முன் தண்டவாளத்தைச் சும்மா வைத்து, நிஜ வண்டிகளை நிறுத்தி, கையால் தள்ளிப் பாருங்கள். இழுக்கும்போது கொக்கிகள் விரியும், தள்ளும்போது சுருங்கும். விரிந்த நீளத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். காகிதத்தில் பாயிண்ட்டின் படத்தை அதே அளவில் வரைந்து வெட்டிப் பலகையில் பரப்பிப் பார்ப்பது இன்னும் நல்லது. தையலில் பேப்பர் கட்டிங் போடுவது போலத்தான். லைனுக்கும் லைனுக்கும் நடுவே 5 செ.மீ. விடுங்கள். வண்டியை எடுக்க விரல் நுழைய வேண்டும்.

கையால் செய்வதே நல்லது

சின்ன யார்டில் செலவு வைக்கிறவை சில உண்டு. அவற்றில் பல தேவையில்லை. பாயிண்டைத் திருப்ப மோட்டார் வேண்டாம். ஸ்பிரிங் வைத்த பாயிண்ட் என்றால் விரலால் தள்ளினாலே டக்கென்று உட்காரும். அந்தச் சத்தம்தான் அப்பாவின் லீவர் சத்தம். வண்டியைக் கழற்ற நான் பின்னல் ஊசி வைத்திருக்கிறேன். அதன் வளைந்த முனை கொக்கியை அழகாகத் தூக்கும். மின்சாரத்துக்கு 12 வோல்ட் நேர்மின்சாரம் தரும் கன்ட்ரோலர் ஒன்று போதும். எஸ்.பி. ரோடில் ஒயரும் ஸ்விட்சும் வாங்கினேன்.

பாயிண்ட் வாங்கும்போது மட்டும் ஒன்றைப் பாருங்கள். இரண்டு தண்டவாளங்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம் சிலவற்றில் பிளாஸ்டிக்காக இருக்கும், அங்கே மின்சாரம் வராது. நீளமான என்ஜின் அதைத் தாண்டிவிடும். ஷண்டிங் என்ஜின் குட்டை, மெதுவாகவும் போகும், அங்கேயே நின்றுவிடும். அந்த இடத்துக்கும் மின்சாரம் வரும் பாயிண்டை வாங்குங்கள். வாரம் ஒரு முறை தண்டவாளத்தைத் துணியால் துடையுங்கள். தையல் வீட்டில் நூல் தூசு பறக்கும், சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும். நான் துடைக்காத வாரத்தில் என்ஜின் உடனே முரண்டு பிடிக்கும்.

நம் ஊர் ரயிலா, பொது ரயிலா

ஹெச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அது 1,435 மி.மீ. அகலமுள்ள வெளிநாட்டுப் பாதையின் சுருக்கம். நம் அகலப் பாதை 1,676 மி.மீ. அதே விகிதத்தில் சுருக்கினால் 19 மி.மீ.க்கும் மேல் வரும். அந்த அகலத்தில் தண்டவாளம் வேண்டுமானால் ஒவ்வொரு கட்டையாக நாமே செய்ய வேண்டும். நான் 16.5-இலேயே நிறுத்திக்கொண்டேன். பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு வண்டியின் நிறமும் வடிவமும்தான் கண்ணில் படும்.

இடம் இன்னும் குறைவாக இருந்தால் வேறொரு வழி இருக்கிறது. பங்காரப்பேட்டையிலிருந்து கோலாருக்கு ஒரு காலத்தில் 762 மி.மீ. குறுகிய பாதை ஓடியது. பிறகு அது அகலப் பாதையாக மாறிவிட்டது. 762-ஐ 87-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9 மி.மீ. கடைகளில் கிடைக்கும் 'N' அளவுத் தண்டவாளத்தின் அகலம் அதேதான். அந்தப் பாதைக்கு வண்டிகளும் குட்டை, வளைவுகளும் இறுக்கம். மூன்றடிப் பலகையிலேயே ஐந்து-மூன்று-மூன்று அடங்கிவிடும். என் அடுத்த பலகை அதுதான்.

ஏன் பழைய நாலு சக்கர வண்டிகள் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. 1980களில் ரயில்வே ஒற்றை வண்டிச் சரக்கை மெல்ல மெல்ல நிறுத்தி, முழு ரயிலாக ஒரே சரக்கை ஓர் இடத்திலிருந்து ஓர் இடத்துக்குக் கொண்டுபோகும் முறைக்கு மாறியது. கரி ஏற்றும் பாக்ஸ்-என் வண்டிகள் 58 சேர்ந்தால் ஒரு ரயில். ஒரு வண்டி 10.7 மீட்டர். ஹெச்.ஓ. அளவில் 12 செ.மீ.க்குச் சற்று மேல். 58 வண்டியை வைத்தால் ஏழு மீட்டர், இருபத்து மூன்றடி. என் வீட்டு வாசலிலிருந்து சமையலறைச் சுவரைத் தாண்டிப் போகும். அந்த ரயிலில் பிரித்து அடுக்கவும் ஒன்றுமில்லை. அதனால் என் பலகையில் எப்போதும் 1970-களின் பங்காரப்பேட்டைதான். பின்னால் தங்கவயலில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டைச் சாம்பல் நிறத்தில் வரைந்திருக்கிறேன். அங்கிருந்து வருகிற சொந்தக்காரர்கள் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.

நீங்கள் போடுவதென்றால்

முதலில் திட்டத்தைத் தேடாதீர்கள். உங்களிடம் இருக்கும் அல்லது வாங்கப் போகும் வண்டி ஒன்றை எடுத்து, கொக்கியோடு அளந்து எழுதுங்கள். என்ஜினை அளந்து எழுதுங்கள். என்ஜினோடு மூன்று வண்டியைக் கூட்டுங்கள், மூன்று செ.மீ. சேருங்கள். அதுதான் உங்கள் நெக்கு. அதைப் பலகையின் ஒரு முனையில் பென்சிலால் குறித்த பிறகுதான் பாயிண்ட் எங்கே வரும், லைன் எத்தனை என்று யோசிக்க வேண்டும். ஆறடிக்கு மேல் இடம் இருந்தால் லூப் போடுங்கள், எதிரெதிர்ச் சைடிங் போடுங்கள். நாலடி என்றால் ஐந்து-மூன்று-மூன்றைவிட நல்ல அமைப்பை நான் இதுவரை பார்க்கவில்லை. தண்டவாளம் நிறைய இருக்கும் பலகை கண்ணுக்கு அழகு. ஆனால் வேலை நிறைய இருக்கும் பலகையைத்தான் தினமும் துணி விலக்கித் திறப்பீர்கள்.

அப்பா ஓய்வு பெற்று கடைசி ஆறு வருஷம் எங்களோடு ஆஸ்டின் டவுனில்தான் இருந்தார். இந்தப் பலகையை அவர் பார்க்கவில்லை. அவருடைய பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் என் பெட்டியில் இருந்தன. போன தீபாவளிக்கு அவற்றின் ஓரத்தை மடித்துத் தைத்துப் பேரன் கையில் கொடுத்தேன். இப்போது அவன் பலகைக்கு முன்னால் நின்று கொடி காட்டுகிறான், நான் கன்ட்ரோலரைத் திருப்புகிறேன். கொடியைக் காட்டாமல் என்ஜின் நகரக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.